பதினைந்து மணி நேரம்

உ

தோ பாயோ,
திங்கட்கிழமை காலை

அன்பு மகன் ஆதவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, தங்கை இனியா, நான் மூவரும் உடம்பளவில் சுகம். நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்று எழுதக் கை வரவில்லை, இருக்க வேண்டும் என்று காளியம்மனைக் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன். கையில் போன் இருக்கும்போது அம்மா எதற்குத் தாளில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் அனுப்பினால் முதல் வரியைப் படித்துவிட்டு ஓகே என்று ஒரு வார்த்தை போட்டு மூடிவிடுவாய், ஒரு மாதமாக எனக்கு அதுதானே வருகிறது. தாளென்றால் மடித்து வைத்தாலும் கண்ணெதிரே கிடக்கும், என்றைக்காவது எடுப்பாய். இன்று திங்கட்கிழமை, நம் ஊர்க் கணக்கில் எட்டரையிலிருந்து பத்து வரை ராகு காலம். தெரிந்தேதான் ஒன்பதரை மணிக்கு அஞ்சலகம் திறந்ததும் விரைவுத் தபாலில் சேர்க்கப்போகிறேன். நல்ல நேரத்துக்குக் காத்திருந்தால் மறுபடியும் எழுதாமல் விட்டுவிடுவேன். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று போகப்போகத் தெரியும்.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, காலை ஷிஃப்டில் பஸ்ஸில் ஏறி உட்காரும்போதே அம்மா என்று சத்தம் வருகிறதாம். பின்னால் நிற்கிற சீனக் கிழவி, அவர்கள் பாஷையில் அம்மா என்றால் பாட்டியாம், தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று ஒவ்வொரு நாளும் திரும்பிப் பார்க்கிறாளாம், அவரே வந்து சொல்லிச் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு இந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது ஒன்றுதான். இனியாவுக்குப் பாலிடெக்னிக் பரீட்சை முடிந்தது, ஒழுங்காக எழுதியிருக்கிறாள். உன் அறையை அப்படியே வைத்திருக்கிறோம். சுவரில் நீயும் சுஹைபும் பாத்தாம் படகில் ஸ்கேட் பலகையை மடியில் வைத்துக்கொண்டு எடுத்த படம் இருக்கிறதே, அதை மட்டும் நான் கழற்றி அலமாரிக்குள் வைத்திருந்தேன். நேற்று அப்பா அதைத் திரும்ப மாட்டிவிட்டார்.

போன வாரம் இனியா தன் போனில் ஒரு வீடியோ காட்டினாள். நீ அங்கே ஏதோ ஒரு பூங்காவில், தண்ணீரை வடித்துவிட்ட நீச்சல்குளம் போன்ற அந்த சிமெண்ட் குழியில், நீங்கள் பௌல் என்பீர்களே, அதன் ஆழமான பக்கத்தில் இறங்குகிறாய். விழுகிறாய். எழுந்து மறுபடி இறங்குகிறாய். ஏழு தடவை எண்ணினேன் தம்பி, ஏழிலும் தலையில் ஹெல்மெட் இல்லை. யாரோ பின்னாலிருந்து போதும்டா என்று ஆங்கிலத்தில் கத்துகிறார்கள், நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்து வருஷமாக நீ விழுவதைப் பார்த்தவள் நான். தடுமாறி விழுவதும் தெரியும், தப்பித்து உருண்டு விழுவதும் தெரியும். இது விழுவதற்காகவே ஏறுகிற மாதிரி இருந்தது. என்னடி இது என்று கேட்டதற்கு இனியா அழுதுகொண்டே சொன்னாள், நீ அவளிடம் மட்டும் சொன்னாயாம், சுஹைப் என்னை மன்னிக்காமலே போய்ட்டான், நான் பேசுன பேச்சாலதான் அவன் எறங்குனான், அத்தனை மெசேஜ் போட்டேன் ஒண்ணுக்குக்கூட பதில் போடல என்று. அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். எட்டு நாள் ஆகிவிட்டது.

ஆதவா, சுஹைப் உன்னிடம் பேச வேண்டும் என்று கேட்டான். மூன்று தடவை கேட்டான். பேசவிடாமல் தடுத்தது நான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எத்தனையோ வாக்கியம் போட்டுப் பார்த்தேன், எதுவும் நிற்கவில்லை, அதனால் உள்ளபடி எழுதிவிட்டேன். இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், கோபம் வந்தாலும் முழுவதும் படி.

நான் வீட்டுக் கணக்கு எழுதும் 555 நோட்டு உனக்குத் தெரியும். அதன் பின்பக்கத்தில் உன் போட்டிகளை எழுதி வருகிறேன். ஊர், தேதி, நமக்கும் அந்த ஊருக்கும் எத்தனை மணி வித்தியாசம், உனக்கு அன்றைக்குச் சந்திராஷ்டமம் உண்டா இல்லையா. நீ திருவாதிரை, மிதுன ராசி. நிலா மகரத்தில் நிற்கிற இரண்டேகால் நாள் உனக்கு ஆகாது. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், பஞ்சாங்கம் பார்க்க யாரும் சொல்லித் தரவில்லை, தேக்காவில் வாங்கிய புத்தகங்களை வைத்துக்கொண்டு நானே கற்றுக்கொண்டது. நீயும் சுஹைபும் இதைச் சொல்லிச் சொல்லி என்னைக் கேலி செய்வீர்கள். அம்மாவோட வெதர் ரிப்போர்ட் என்று நீ சொல்வாய். ஆன்ட்டி, எனக்கும் ஒரு ராசி குடுங்க லா, சும்மாவே விழுறேன் என்று அவன் சொல்வான். ஆனால் போன நவம்பரில் பேங்காக் போட்டி அன்று உனக்குச் சந்திராஷ்டமம். போகாதே என்று சொன்னேன், போனாய். உனக்கு ஒரு கீறல்கூட இல்லை. உனக்கு அடுத்து இறங்கிய அந்தப் பிள்ளை சுஹைப் விளிம்பில் பலகை தட்டிக் கழுத்து மடங்க விழுந்தான். அன்றிலிருந்து உன்மேல் வர வேண்டியது அவன்மேல் போயிற்று என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சிராங்கூனில் அவர்கள் வீட்டுக்கு வாரம் ஒரு முறை ரசம் எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம், கழுத்துக்குக் கீழே அசையாமல் கிடக்கிற அந்தப் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு பக்கம் அழுதேன், இன்னொரு பக்கம் நல்லவேளை என்று நினைத்தேன். பெற்றவள் நினைக்கக்கூடாததைத்தான் நினைத்தேன். அதற்குப் பிறகு உன் விஷயத்தில் நோட்டைப் பார்க்காமல் நான் எதுவும் செய்ததில்லை.

ஏப்ரலில் உனக்குக் கலிஃபோர்னியா போட்டி வந்ததே, அந்த வாரம். வியாழக்கிழமை பகல் போயிருந்தேன். சளி நெஞ்சில் கட்டி அவனுக்கு மூச்சு இழுத்தது, ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போக மாட்டேன் என்று பிடிவாதம். அவன் அண்ணன் ரியாஸ் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சுஹைப் சிரித்தான். ஆன்ட்டி, உங்க மகன் போட்ட மெசேஜ் எல்லாத்தையும் நேத்துதான் அண்ணன விட்டுப் படிக்கச் சொன்னேன், இவ்ளோ நாள் யாரும் படிக்க வேணாம்னு வச்சிருந்தேன், இருபத்தாறு சாரி ஆன்ட்டி, எண்ணிட்டேன், போதும்னு சொல்லணும் லா என்றான். நீ பேங்காக்கில் அவனிடம் என்ன சொன்னாய் என்று நீயே மெசேஜில் எழுதியிருந்ததை, அவன் சொல்லி அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். பயமா இருந்தா போய் உங்க அத்தா கடைல பரோட்டா தட்டு. அதைச் சொல்லிவிட்டு, அத்தாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க, பரோட்டா தட்டுறத கேவலமா பேசுனான்னு ஆதவனக் கடைப் பக்கமே விடமாட்டாரு என்று அதற்கும் ஒரு சிரிப்பு, சிரித்ததில் இருமல் வந்து ரியாஸ் தலையைத் தூக்கிப் பிடித்தான்.

பிறகு சொன்னான். அவன் வாயால் வந்ததை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவன் பேசுனது எனக்குக் கேக்கவே இல்ல ஆன்ட்டி. எறங்குறதுக்கு முன்னாடி ரெண்டு காதுலயும் பாட்டு வச்சுக்குவேன்ல. அவன் வாய் அசையுறத மட்டும் பாத்தேன், ஆல் தி பெஸ்ட் சொல்றான்னு நெனச்சேன். காலைலயே முடிவு பண்ணிட்டேன் அந்த டிரிக்தான் போடணும்னு, ரியாஸண்ணனுக்குத் தெரியும், கேளுங்க. இதுதான் சொன்னது. ரியாஸ் தலையை ஆட்டினான். உடனே நான் போனை எடுத்தேன், இதை அவனுக்கு எழுதிவிடுகிறேன் என்று. வேணாம், நானே சொல்லணும், அவன் மூஞ்சியப் பாத்து சொல்லணும், அவன் எப்புடி முழிக்கிறான்னு பாக்கணும், வீடியோ கால் போடுங்க, மெசேஜ் எல்லாம் பழைய நம்பர்லேருந்து வந்தது, அங்க போய் மாத்துன புது நம்பர் என்கிட்ட இல்ல என்றான். அப்போது நான் நோட்டை நினைத்தேன். புதன் இரவே உனக்குச் சந்திராஷ்டமம் ஆரம்பித்திருந்தது. சனிக்கிழமை காலையில் விலகிவிடும், அதற்குள் நீ இவனை இந்தக் கோலத்தில் பார்த்துவிட்டுப் போய் அந்தக் குழியில் இறங்கினால் என்ன ஆகும் என்று பயந்தேன். இரண்டு நாள் பொறுத்துக்கோ ராஜா, சனிக்கிழமை நானே போட்டுத் தருகிறேன் என்றேன். நிலாவுக்கும் ஸ்கேட் பார்க்குக்கும் என்ன ஆன்ட்டி சம்பந்தம் என்றான். பிறகு அவனே, ஓகே லா, வெயிட் பண்றேன், நான் எங்க ஓடப்போறேன் என்றான். வெள்ளிக்கிழமை ரியாஸைவிட்டு ஒரு தடவை கேட்டான். நாளைக்கு என்றேன்.

இப்போது நான் செய்த தப்பு. பஞ்சாங்கத்தில் சனிக்கிழமை விடியற்காலை நாலரை மணி வரை என்று இந்திய நேரம் போட்டிருந்தது. நமக்குக் காலை ஏழு. அதோடு விட்டிருந்தால் சரி. நீ இருக்கிற ஊர் நமக்குப் பதினைந்து மணி நேரம் பின்னால் என்று நோட்டில் எழுதியிருந்தேன். தோஷம் உனக்குத்தானே, உன் ஊர்க் கடிகாரத்தில் காலை ஏழு அடித்தால்தானே விலகும் என்று எண்ணி, அங்கே சனிக்கிழமை ஏழு என்றால் இங்கே இரவு பத்து என்று கணக்கு வைத்தேன். ஜொகூர், பாத்தாம், பேங்காக், மெல்பர்ன் என்று நீ இதுவரை போன ஊர்களுக்கு வித்தியாசமே இல்லை, இருந்தாலும் ஒரு மணி, இரண்டு மணி, தப்பு என்று தெரிந்ததேயில்லை. சனிக்கிழமை பகல் பன்னிரண்டு இருபதுக்கு ரியாஸ் கூப்பிட்டான். நான் சனீஸ்வரனுக்கு எள் தீபத்துக்குத் துணி முடிந்துகொண்டிருந்தேன். ஆன்ட்டி, ரொம்ப மூச்சு வாங்குது, ஆதவன், ஆதவன்னு கேட்டுட்டே இருக்கான், இப்பவே போட்டுடலாமா என்றான். நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். இன்றைக்கு ஆதவனுக்கு இறுதிச் சுற்று, இரவு பத்து மணி தாண்டட்டும் தம்பி என்றேன். நீங்க அம்மா, உங்களுக்குத் தெரியும் என்று சொல்லி ரியாஸ் போனை வைத்துவிட்டான். நாலு நாற்பதுக்கு சுஹைப் போய்விட்டான்.

அன்று அடக்கத்துக்கு நேரம் தாண்டிவிட்டதால் மறுநாள் காலை என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் அங்கே போகச் சேலை மாற்றிக்கொண்டிருக்கும்போதுதான் நீ கூப்பிட்டாய். அம்மா, தேர்டு வந்துட்டேன்மா, என்று கத்தினாய். பிறகு குரலை இறக்கி, சுஹைப் பாத்திருப்பானாம்மா, லைவ்ல போட்டாங்க என்று கேட்டாய். பார்த்திருப்பான்பா என்றேன். பதினாலு மணி நேரத்துக்கு முன்னால் போன பிள்ளையைப் பற்றி. அன்று சாயங்காலம் உன் கூட்டாளிகள் போட்டதைப் பார்த்துவிட்டு மறுபடி கூப்பிட்டு, நான் மொதல்ல பேசுனப்பவே உனக்குத் தெரியுமாம்மா என்று கேட்டாய். தெரியாதுப்பா, எங்களுக்கும் இப்போதுதான் தெரிந்தது என்றேன். முதலில் செய்தது பயத்தில் செய்தது. இது என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய். அந்தப் பொய்யால்தான் அவன் சொன்னதை உனக்குச் சொல்ல முடியாமல் போயிற்று. சொன்னால், எப்ப சொன்னான், ஏன் என்கிட்ட சொல்லல என்று கேட்பாயே. உன் நெஞ்சில் இருக்கிற கல்லை எடுக்கிற வார்த்தை முப்பது நாளாக என் கையில் இருந்தது, நான் வைத்துக்கொண்டே இருந்தேன்.

அப்பா அடக்கத்துக்குச் சுவா சூ காங் மையவாடிக்குப் போய் மூன்று பிடி மண் போட்டுவிட்டு வந்தார். நான் வீட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். மையித்தை எடுப்பதற்கு முன் அவன் அத்தா நூருல் அமீன் பாய் என்னிடம் வந்து, தங்கச்சி, ஆதவன் ஜெயிச்சானாமா என்று கேட்டார். மூன்றாவது என்றேன். அல்ஹம்துலில்லாஹ், இவனும் அதைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தான் என்றார்.

கணக்குத் தப்பு என்று எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. உனக்கு ஏதாவது பரிகாரம் செய்ய வேண்டுமா என்று கேட்க நோட்டை எடுத்துக்கொண்டு கோயில் குருக்களிடம் போனேன். அவர் பார்த்துவிட்டு, இது என்னம்மா பதினஞ்சு மணி என்றார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. சந்திரன் ஒண்ணுதானேம்மா, அது மகரத்தை விட்டுதுன்னா உலகத்துக்கே ஒரே சமயத்துல விட்டாச்சு, உங்க பிள்ளைக்குன்னு தனியா ஒரு சந்திரன் ஏது என்றார். பிராகாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ரியாஸ் என்னைக் கூப்பிடுவதற்கு ஐந்து மணி இருபது நிமிடம் முன்னமே உன் தோஷம் விலகியிருக்கிறது. நான் நம்பின சாஸ்திரமே பேசு என்று விட்டுவிட்ட நேரத்தில் நான் பேசவிடவில்லை. அது மட்டுமா. தோஷம் நின்றிருந்தால்தான் என்ன, சாகப்போகிற பிள்ளை கேட்டதற்கு இல்லை என்று சொல் என எந்தப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது. இதைக் குருக்கள் சொல்லவில்லை, வீட்டுக்கு நடந்து வரும்போது நானே கேட்டுக்கொண்டது.

அப்பாவிடம் போன வாரம், அந்த வீடியோவைப் பார்த்த பிறகுதான் சொன்னேன். நான் அவன்கிட்ட சொல்லமாட்டேன், நீயே எழுது, ஆனா அங்க முதல்ல போ என்றார். சனிக்கிழமை அவர்கள் கடைக்குப் போனேன். கூட்டம் குறைகிற வரை தூணோரம் நின்றேன். பாய் மாவை வீசிக்கொண்டிருந்தார், நான் சொல்லி முடிக்கிறவரை கை நிற்கவில்லை. முடித்த பிறகு மாவைப் பலகையில் வைத்துவிட்டுச் சொன்னார், மௌத்து எழுதுன நேரத்துலதான் வரும் தங்கச்சி, அத யாரும் மாத்த முடியாது, ஆனா பேச்சு நம்ம கையிலதானே இருந்துச்சு. அவ்வளவுதான். திரும்ப மாவை எடுத்துக்கொண்டார். பின்னால் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த ரியாஸ் என்னைப் பார்க்காமலே, ஆதவன்கிட்ட சொல்லிட்டீங்களா என்று கேட்டான். இல்லை என்றேன். அப்ப இங்க எதுக்கு வந்தீங்க என்றான். ஆன்ட்டி என்று சொல்லவில்லை. அவன் கேட்டதுதான் சரி.

நோட்டைத் தூக்கி எறியவில்லை. எறிந்தால் குற்றம் நோட்டுடையது என்று ஆகிவிடும். அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தில் 12.20 கேட்டான், 4.40 போனான், பேசவிடவில்லை என்று எழுதி வைத்திருக்கிறேன். என்னை மன்னித்துவிடு என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் நீ எனக்காக இன்னொரு வேலை செய்ய வேண்டும். பேசாமல் இருக்க வேண்டும் என்று தோன்றினால் இரு, எத்தனை நாளானாலும் இரு, உன் அறையை நான் பெருக்கி வைத்துக்கொண்டிருப்பேன். காதில் பாட்டு இருந்தது, உன் பேச்சு கேட்கவில்லை என்று அவன் சொன்னது நிஜமா, உனக்காகச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது, நீயும் என்னைக் கேட்காதே. ரியாஸைக் கேள். எப்படியிருந்தாலும் மூச்சு விடக் கஷ்டப்பட்ட பிள்ளை, இருக்கிற மூச்சைச் செலவழித்து உனக்கென்று வைத்த வார்த்தை அது. அதை வாங்கிக்கொண்ட பிறகும் வெறும் தலையோடு அந்த ஆழத்தில் இறங்கினால் அது அவனை அவமதிப்பது. ஹெல்மெட்டைப் போடு. வாரை இழுத்து மாட்டு. மாட்டியபின் ஒரு விரல் மட்டும் நுழைகிறதா என்று பார்.

அடுத்த வாரம் புதன்கிழமை சுஹைபுக்கு நாற்பதாம் நாள். வீட்டில் பாத்திஹா ஓதுகிறார்கள், அப்பா போகிறார், நான் வரலாமா என்று கேட்கவில்லை. அதற்கு முன் நீ பாயிடமும் ரியாஸிடமும் பேசு, ரியாஸின் நம்பரைக் கடித உறையின் உள்பக்கம் எழுதியிருக்கிறேன். காளியம்மன் உனக்கு முன்னால் நடந்து, நீ இறங்குகிற ஒவ்வொரு குழியிலும் அடியில் நின்று உன்னை ஏந்திக்கொள்ளட்டும். உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு. பேசுவதற்கு மட்டும் வேளை பார்க்காதே தம்பி. அங்கே மணி என்ன, இங்கே மணி என்ன என்று எண்ணிக்கொண்டு இருக்காதே. இந்தத் தாளைக் கீழே வைத்ததும் கூப்பிடு.

உன் அம்மா,
வ. பாக்கியலட்சுமி